தாத்தாவின் பெயர் வழி காட்டும், சாட்சி சொல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த குடும்ப வரலாறு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இத்தாலியர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வேலூர் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு என் நன்றி. ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு செய்திகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையே வைத்ததால், பேரனின் பெயர் தெரிந்தாலே இத்தாலியக் குடும்பத்தின் கொடிவழியை எழுதிவிடலாம் என்பது ஒன்று. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் பெயர்களை நியூயார்க் துறைமுகத்து அதிகாரிகள் மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பலரும் நம்பிவரும் தவறு.

நான் 31 ஆண்டுகள் வட ஆர்க்காட்டுப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மகள் பொறியியல் மேற்படிப்புக்காக டுரின் நகருக்குச் சென்றவள், அங்கேயே உடன் படித்த இத்தாலியரை மணந்துகொண்டாள். சம்பந்தி, 1960-களில் தென்னித்தாலியிலிருந்து டுரின் கார் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த பெருங்கூட்டத்தில் ஒருவர். பொட்டென்ஸா மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருக்குத் தம் முன்னோரைத் தேடும் ஆர்வம் இருந்தது. எனக்குப் பழைய ஆவணம் படிக்கும் பழக்கம் இருந்தது. மகள் இடையில் இருந்து மொழிபெயர்க்க, மூன்று ஆண்டுகளாக இருவரும் சேர்ந்து அக்குடும்பத்தின் கொடிவழியைக் கட்டி வருகிறோம். கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த வேலையில் கற்றது.

முதலில் மரபைச் சொல்லிவிடுகிறேன். தென்னித்தாலியிலும் சிசிலியிலும் மிக உறுதியாகவும், வடக்கே சற்றுத் தளர்வாகவும் கடைப்பிடிக்கப்பட்ட வழக்கம் இது. முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். முதல் மகளுக்குத் தந்தையின் தாய் பெயர், இரண்டாம் மகளுக்குத் தாயின் தாய் பெயர். அதன் பிறகு பிறப்பவர்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் பெயர்களோ, ஊர்ப் புனிதரின் பெயரோ வரும். தாத்தா உயிரோடு இருந்தாலும் பெயரை வைப்பதில் தடையில்லை. தம் பெயர் பேரனுக்குப் போவதைக் கண்ணால் காண்பதை அங்குள்ள முதியவர்கள் உரிமையாகவே கருதினார்கள். மகன் அதை மீறினால் மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்று சம்பந்தி சொன்னபோது, எங்கள் ஊரில் நான் கண்ட காதுகுத்து விழாச் சண்டைகள் நினைவுக்கு வந்தன.

இதைத் தமிழருக்கு விளக்கவே தேவையில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதுதான் அதன் பொருள், பேத்தியும் பெயர்த்தியே. ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த முதலாம் மகேந்திரவர்மனின் பெயர், மகன் நரசிம்மவர்மனைத் தாண்டி, பேரன் இரண்டாம் மகேந்திரவர்மனிடம் சென்றது. முதலாம் பரமேசுவரவர்மனின் பெயரும் அப்படியே மகன் ராஜசிம்மனைத் தாண்டிப் பேரனை அடைந்தது. கல்வெட்டில் அரசன் பெயரை மட்டும் பார்த்து 'இவன் எந்த மகேந்திரன்' என்று ஆய்வாளர்கள் முட்டிக்கொள்வதும், இத்தாலியக் கிராமப் பதிவேட்டில் 'இவர் எந்த ரோக்கோ' என்று நாங்கள் முட்டிக்கொண்டதும் ஒரே சிக்கல்தான்.

இந்த மரபு ஒரு குடும்பத்தில் எப்படி நடந்தது என்பதற்கு, நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் உள்ள கரிபால்டியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இத்தாலி ஒன்றுபட்ட கதையைப் படித்த எவருக்கும் அவரைத் தெரியும். அவருடைய தந்தை டொமெனிக்கோ, தாய் ரோசா. 1840-இல் பிறந்த மூத்த மகனை உலகம் மெனோட்டி என்று அறியும்; தூக்கிலிடப்பட்ட தேசபக்தர் சீரோ மெனோட்டியின் நினைவாக வைத்த பெயர் அது. ஆனால் அவருடைய முழுப் பெயர் டொமெனிக்கோ மெனோட்டி. நாட்டுப்பற்று இரண்டாம் இடத்தில் நிற்க, தாத்தா முதலிடத்தில் இருக்கிறார். மூத்த மகள் ரோசிட்டா, அதாவது சின்ன ரோசா, பாட்டியின் பெயர் பெற்றவள். அந்தக் குழந்தை 1845-இல் இறந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு துணைவியிடம் 1869-இல் பிறந்த மகளுக்குக் கரிபால்டி மறுபடியும் ரோசா என்றே பெயரிட்டார். அவருடைய மனைவி அனிட்டா 1849-இல் போர்க்காலத்தில் இறந்தார். 1859-இல் இன்னொரு பெண்ணிடம் பிறந்த மகளுக்கு அனிட்டா என்று பெயர் வந்தது. பாட்டி, இறந்த குழந்தை, இறந்த மனைவி என்று இத்தாலியப் பெயரிடலின் மூன்று பெரிய காரணங்களும் அந்த ஒரு வீட்டில் வந்துவிடுகின்றன.

இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கொடிவழி எழுதுகிறவர் முதலில் அறிந்திருக்க வேண்டியது அதுதான். குழந்தைச் சாவு வீட்டுக்கு வீடு நடந்த காலம். தாத்தாவின் பெயர் தாங்கிய குழந்தை போய்விட்டால், அந்தப் பெயர் வீட்டில் இல்லாமல் போகக் கூடாது என்று, அடுத்துப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு அதையே வைத்தார்கள். ஒரே தாய் தந்தைக்கு ஒரே பெயரில் இரண்டு, சில வீடுகளில் மூன்று பிறப்புப் பதிவுகள் கிடைப்பது அதனால்தான். முதலில் கண்ணில் பட்ட பதிவை எடுத்து, அதுவே வளர்ந்து மணம் முடித்தவருடையது என்று எழுதிவிட்டால், இரண்டு வயதில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு குழந்தைக்கு நாமே திருமணம் செய்துவைத்தவர்களாகிறோம்.

நானும் சம்பந்தியும் இதை ஒட்டிய தவறில் எட்டு மாதம் அலைந்தோம். சம்பந்தியின் தாத்தா பெயர் வீட்டோ, 1869-இல் பிறந்தவர். வீட்டோவின் தந்தை ரோக்கோ என்பது வீட்டிலேயே தெரிந்திருந்தது. கிராமப் பதிவேட்டின் ஆண்டு இறுதி அகரவரிசையில் 'வீட்டோ, தந்தை ரோக்கோ' என்ற வரி கிடைத்தது. வீட்டோ மூத்த மகன் என்பதே குடும்பத்தினரின் நினைவு. அப்படியானால் ரோக்கோவின் தந்தையும் வீட்டோவாகத்தான் இருக்க வேண்டும் என்று மரபை வைத்துக் கணக்குப் போட்டோம். அதே குடும்பப் பெயரோடு, வீட்டோ என்பவரின் மகனாக ஒரு ரோக்கோ அந்த ஊரில் இருந்தும் விட்டார். அவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலைமுறை மேலே ஏறினோம். எல்லாம் அழகாகப் பொருந்தியது.

அகரவரிசையை விட்டுவிட்டு முழுப் பதிவின் படத்தை மகள் அனுப்பிய அன்றுதான் உண்மை தெரிந்தது. அச்சிட்ட படிவத்தின் இடைவெளிகளில் எழுத்தர் சாய்ந்த கையெழுத்தில் நிரப்பியிருந்தார். நாள், மாதம், ஆண்டு எல்லாம் எழுத்தால். குழந்தையைக் கொண்டுவந்து காட்டிய தந்தையின் வயது, தொழில். தொழிலுக்கு நேரே பிராச்சாலே என்று இருந்தது. கை என்ற சொல்லிலிருந்து வந்தது, கையை நம்பிப் பிழைக்கும் கூலி என்று பொருள். கீழே, அவருக்கு எழுதத் தெரியாததால் கையொப்பம் இல்லை என்ற குறிப்பு. அவர் பெயருக்குப் பின்னால் இரண்டே எழுத்தில் ஒரு சொல்: 'ரோக்கோ ஃபு டொனாட்டோ'. எங்கள் எட்டு மாத வேலை அந்தச் சொல்லில் கரைந்தது.

ஃபு என்றால் காலஞ்சென்றவரின் மகன். தந்தை உயிரோடு இருந்தால் டி என்று எழுதுவார்கள். நம் பத்திரங்களில் 'காலஞ்சென்ற முனுசாமி அவர்களின் குமாரர்' என்று எழுதுகிறோமே, அந்த வேலையை இத்தாலிய எழுத்தர் இந்த ஒரு சிறு சொல்லில் முடித்துவிடுகிறார். லத்தீனில் எழுதிய கோயில் பதிவேடுகளில் அதே இடத்தில் குவொந்தாம் என்று இருக்கும். நம் ரோக்கோ, இந்த டொனாட்டோவின் மகன் என்றால், மரபுப்படி மூத்த மகன் டொனாட்டோவாக அல்லவா இருக்க வேண்டும்? முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். 1867-இல் அந்த டொனாட்டோ பிறந்திருந்தான். மூன்று வயதில் இறந்துபோனான். குடும்ப நினைவில் வீட்டோ மூத்தவரானது அப்படித்தான். வீட்டோ என்பது தாயின் தந்தை பெயர். 1872-இல் பிறந்த மூன்றாம் மகனுக்கு மறுபடியும் டொனாட்டோ என்று பெயர் வைத்திருந்தார்கள். மரபு இம்மியும் பிசகாமல் நடந்திருந்தது. இறந்த பிள்ளையை எண்ணாமல் கணக்குப் போட்டதுதான் எங்கள் பிழை. ஒரு தம்பதிக்குப் பிறந்த அத்தனை குழந்தைகளையும், இறந்தவர்களையும் சேர்த்து, வரிசையாக எழுதிய பிறகுதான் இந்த விதியைப் பயன்படுத்த வேண்டும். 'வம்சாவளியை எழுதிவிடலாம்' என்ற கட்டுரையின் வரியை நம்பி இறங்கும் வாசகர் எங்களைப் போலவே வழி தவறுவார் என்ற கவலையில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த இரண்டு சொற்கள் இன்னொரு உதவியும் செய்தன. 1867-ஆம் ஆண்டுப் பதிவில் தந்தை 'ரோக்கோ டி டொனாட்டோ'. 1869-இல் 'ரோக்கோ ஃபு டொனாட்டோ'. ஆகவே பெரிய டொனாட்டோ இந்த இரு தேதிகளுக்கும் இடையில் இறந்திருக்க வேண்டும். இறப்புப் பதிவேட்டில் இருபது ஆண்டுகளைத் தேடாமல் இரண்டு ஆண்டுகளோடு நின்றோம், 1868-இல் கிடைத்தார். அந்த இறப்புப் பதிவே அவருடைய தாய் தந்தையின் பெயர்களையும் தந்தது. அதற்கும் மேலே ஏற, திருமணக் கோப்புகளோடு சேர்த்துக் கட்டிவைத்த இணைப்பு ஆவணங்கள் உதவின. மணமக்களின் பிறப்புச் சான்று, தந்தை இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, சம்மதம் தர வேண்டிய தாத்தாவும் இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்று என்று மூன்று தலைமுறை ஒரே கட்டில் இருக்கும். கட்டுரையாளர் இந்தக் கட்டுகளைப் பற்றி எழுதியிருந்தால் வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

ஒரே தாத்தாவுக்கு மூன்று மகன்கள் இருந்து, மூவரும் தத்தம் மூத்த மகனுக்கு அவர் பெயரையே வைத்தால், ஒரு தெருவில் ஒரே வயதில் ஒரே முழுப்பெயரோடு மூன்று பையன்கள் திரிவார்கள். இத்தாலியர்களும் நம்மைப் போலவே பட்டப்பெயரால் இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். வெனிஸ் அருகே கியோஜ்ஜா என்ற மீனவர் நகரத்தில் பாதி ஊர் பொஸ்கோலோ, மீதி ஊர் டியோட்ஸோ என்று சொல்லும் அளவுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் மண்டிக்கிடந்ததால், பட்டப்பெயரையும் சேர்த்தே அரசு ஆவணங்களில் எழுத நேர்ந்தது. நம் கிராமங்களில் மேட்டு வீட்டார், செக்கு வீட்டார் என்று சொல்வது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போனது, அங்கே ஏறிவிட்டது.

வீட்டில் அழைக்கும் பெயர் தனி. ஜுசெப்பே என்பவர் பெப்பினோவாகவும் பெப்பேயாகவும், பிரான்செஸ்கோ சிச்சோவாகவும், டொமெனிக்கோ மிம்மோவாகவும், சால்வடோரே டொட்டோவாகவும் வாழ்ந்து மறைந்திருப்பார்கள். கல்லறையில் ஒன்றும் பதிவேட்டில் ஒன்றும் இருக்கும். எங்கள் பக்கத்தில் இதற்குக் காரணம் வேறு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டால் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் அப்பு, ராஜா, பெரியதம்பி என்று ஒரு கூப்பிடு பெயர் வந்து, அதுவே நிலைத்துவிடும். என் தந்தையின் பள்ளிப் பெயரை அவருடைய தாய் ஒருநாளும் உச்சரித்ததில்லை. அது அவருடைய மாமனாரின் பெயர்.

புனிதர்களின் பெயர்களைப் பொறுத்தவரை, ஊர் தெரிந்தால் பெயரும் பெயர் தெரிந்தால் ஊரும் ஓரளவுக்குத் தெரியும். நேப்பிள்ஸில் ஜென்னாரோ, பாரியில் நிக்கோலா, பலெர்மோவில் ரொசாலியா, கட்டானியாவில் அகாட்டா. படவேட்டைச் சுற்றி ரேணுகாவும், குடியாத்தத்தில் கெங்கம்மாளும், திருவண்ணாமலைப் பக்கம் அண்ணாமலையும் அருணாசலமும் மிகுந்திருப்பது போலத்தான். ஐந்தாவதாகப் பிறந்தவனுக்குக் குவின்டோ, எட்டாமவனுக்கு ஒட்டாவியோ, இனிப் போதும் என்று கடைசிப் பிள்ளைக்கு உல்டிமோ என்று எண்ணிக்கையாலும் பெயர் வைத்தார்கள். நம் வட மாவட்டங்களில் பெண் குழந்தைகளுக்கு வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் வைத்த பெயர்களை வகுப்பு வருகைப் பதிவேட்டில் கூப்பிட நேர்ந்தவன் நான். உல்டிமோ என்ற பெயரைக் கண்டபோது அந்தப் பிள்ளைகளின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

எஸ்போசிட்டோ என்ற குடும்பப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். நேப்பிள்ஸில் மிகப் பரவலான இப்பெயர், வெளியே விடப்பட்டவன் என்ற பொருளிலிருந்து வந்தது. அங்குள்ள அனுன்சியாட்டா இல்லத்தின் சுவரில் சுழலும் தொட்டில் ஒன்று இருந்தது. 1875 வரை அதில் வைத்துச் சென்ற குழந்தைகளை உள்ளே எடுத்து வளர்த்தார்கள். மிலானில் அத்தகைய பிள்ளைகளுக்கு கொலம்போ என்ற பெயர் வழங்கியது. கொடிவழி அந்தத் தொட்டிலோடு நின்றுவிடும். அதற்கு மேல் தாத்தா பெயரை ஊகித்து எழுத எவருக்கும் உரிமையில்லை.

பதிவேடுகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் கோயில்கள் எழுதிவைக்க வேண்டும் என்று விதித்தது. அரசுப் பதிவு நெப்போலியன் ஆட்சியோடு வந்தது. நேப்பிள்ஸ் அரசில் 1809 முதலும், சிசிலியில் 1820 முதலும், ஒன்றுபட்ட இத்தாலியில் 1866 முதலும் பதிவேடுகள் உண்டு. தெற்கே 1866-க்கு முந்தைய பிறப்புப் பதிவுகள் பலவற்றில் ஒரு பத்தியில் அரசுப் பதிவும் பக்கத்துப் பத்தியில் பங்குத்தந்தை தெரிவித்த ஞானஸ்நான நாளும் சேர்ந்தே இருப்பதைக் காணலாம். இவற்றுள் பெரும்பகுதியை இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் அந்தெனாத்தி, அதாவது முன்னோர், என்ற இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்வைக்கு வைத்துள்ளன. காட்பாடியில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்தே நான் அவற்றைப் படிக்கிறேன். ஆட்சி மாறினால் மொழியும் மாறும் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இசைமேதை ஜுசெப்பே வெர்டி 1813-இல் பிறந்தபோது அவருடைய ஊர் பிரெஞ்சுப் பேரரசில் இருந்ததால், அரசுப் பதிவேட்டில் அவர் ஜோசப் என்று பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டார். ஜுசெப்பே என்று தேடினால் கிடைக்க மாட்டார்.

இனி, நம் மாவட்டத்தார் அனைவரும் அறிந்த ஒருவரைச் சொல்கிறேன். சலேசியர்களின் பள்ளிகளிலும் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலும் படித்தவர்களுக்கு, சலேசியர் துறவு சபையை நிறுவிய ஜான் போஸ்கோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய ஞானஸ்நானப் பதிவு லத்தீனில் உள்ளது. ஜொவான்னி மெல்கியோர்ரே என்பது முழுப் பெயர். தந்தை பிரான்செஸ்கோ போஸ்கோ, தாய் மார்கெரிட்டா ஒக்கியேனா. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்ற ஞானத்தந்தையின் பெயர் மெல்கியோர்ரே ஒக்கியேனா. அவர் வேறு யாருமல்ல, தாயின் தந்தை. தாத்தாவின் பெயர் இரண்டாம் பெயராக ஒளிந்திருப்பதைப் பாருங்கள். முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மரபைப் பொருத்திப் பார்ப்பவர், இந்தக் குடும்பம் வழக்கத்தைக் கைவிட்டது என்றே முடிவு செய்வார். ஜான் போஸ்கோவின் தந்தை இளவயதிலேயே இறந்தார். அவருடைய பிரான்செஸ்கோ என்ற பெயர், ஜான் போஸ்கோவின் அண்ணன் ஜுசெப்பேயின் மகனிடம் திரும்பி வந்தது. இன்னொன்று: தாம் 1815 ஆகஸ்ட் 15-இல், மாதா விண்ணேற்புத் திருநாளில் பிறந்ததாகவே ஜான் போஸ்கோ கருதியிருந்தார். ஆகஸ்ட் 17-ஆம் தேதியிட்ட பதிவோ, குழந்தை முந்தைய நாள் மாலை பிறந்தது என்கிறது. குடும்ப நினைவு திருநாளை நோக்கிச் சாயும். பதிவேடு ஆகஸ்ட் 16 என்று நிற்கிறது.

கட்டுரையின் இரண்டாவது செய்திக்கு வருகிறேன். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. அங்கிருந்த அதிகாரிகள் வந்தவர்களின் பெயரைக் காதால் கேட்டு எழுதியவர்கள் அல்லர். கப்பல் நிறுவனத்தார் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தவர்கள். பெயர்கள் மாறியது பெரும்பாலும் பின்னால்தான். வேலைத்தலத்தில், பள்ளியில், குடியுரிமை விண்ணப்பத்தில், குடியேறியவர்களே தம் பெயரை ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். நான் மேலே சொன்ன இளைய டொனாட்டோ அமெரிக்கா போனவர். கப்பல் பட்டியலில் டொனாட்டோவாகவே இருக்கிறார். பின்னாளைய தாள்களில் டேனியல் ஆகிவிட்டார். அதிகாரி மாற்றிவிட்டார் என்று நம்பியிருந்தால், எங்கே எப்போது மாறினார் என்று தேடவே மாட்டோம். தேடினால்தான் இரு பெயர்களும் ஒருவருடையவை என்று நிறுவ முடியும். இடம் மாறியவர் பெயரை மொழிபெயர்த்துக்கொள்வது நமக்கும் புதிதன்று. 1680-இல் காஸ்டிலியோனே என்ற இத்தாலிய ஊரில் பிறந்த கொன்ஸ்டன்சோ பெஸ்கி, தம் பெயரின் பொருளைத் தழுவித் தமிழகத்தில் தைரியநாதர் ஆனார். பின்னர் வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணி பாடியவரை எவரும் பெயர் மாற்றச் சொல்லி வற்புறுத்தவில்லை.

பெண்களைப் பற்றி எழுதாமல் இக்கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தாலியப் பதிவேடுகளில் பெண் பிறந்தபோது பெற்ற குடும்பப் பெயரோடுதான் சாகும்வரை எழுதப்படுகிறாள். மணமானாலும், விதவையானாலும், எட்டுப் பிள்ளை பெற்றாலும் அவள் தன் தந்தையின் மகளாகவே ஏட்டில் நிற்கிறாள். அதனால் சம்பந்தியின் கொடிவழியில் ஆறு தலைமுறைப் பாட்டிகள் ஒருவர் விடாமல், பிறந்த வீட்டுப் பெயரோடும் பெற்றோர் பெயரோடும், கிடைத்துவிட்டார்கள். ஒரு மாலை அவர் தொலைபேசித் திரையில் அந்தத் தாளை விரித்துக் காட்டிவிட்டு, 'உங்கள் பக்கம்?' என்று கேட்டார். என் தந்தையைப் பெற்ற தாயின் பெயர் எனக்குத் தெரியும், எல்லம்மாள். அவருடைய தந்தையின் பெயரை எங்கே தேடுவது? பட்டாவில் தாத்தா இருக்கிறார், வாக்காளர் பட்டியலில் பாட்டி 'இன்னாரின் மனைவி' என்று இருக்கிறார். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் மடியில் வளர்ந்தவன் நான். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்தத் தாளில் அவருக்கு மேலே உள்ள கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

நம்மிடம் பதிவேடே இல்லை என்பதன்று. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்தது. ஆனால் வட ஆர்க்காட்டின் தலைநகர் 1911 வரை சித்தூர். மாவட்டம் 1989-இல் இரண்டானது, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. தாளைத் தேடி எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. தேடிப் போனாலும், பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிடும் வழக்கத்தால் 'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதிய வரிகளே பல. குடும்பப் பெயர் இல்லாத நமக்குத் தலைப்பெழுத்து ஒன்றுதான் பிடி. அதுவும் ஒரு தலைமுறையோடு முடிந்து, பெண்ணுக்கு மணத்தோடு மாறிவிடுகிறது. இத்தனை காலம் அந்தக் குறையை ஈடு செய்தது, தாத்தாவின் பெயர் பேரனுக்கு என்ற மரபு. இப்போது எண்கணிதம் பார்த்து வைக்கும் பெயர்களில் அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. எந்தப் பெயரை வேண்டுமானாலும் பெற்றோர் வைக்கட்டும். அது அவர்கள் உரிமை. தாத்தா பாட்டி நால்வரின் பெயர்களும் பிறந்த ஊர்களும் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தென்னித்தாலிய ஊர்களில் ஒருவர் இறந்தால் இன்றும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஊரார் அழைத்த பட்டப்பெயரும், விதவையென்றால் கணவர் பெயரும் அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். முன்னோரைத் தேடுகிறவர்கள் அந்தச் சுவரொட்டிகளைப் படமெடுத்துச் சேர்த்து வைக்கிறார்கள். நம் வேலூரிலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இல்லாத சுவர் இல்லை. தங்கள் நாளிதழின் நினைவஞ்சலி விளம்பரங்களிலும் படம், தோற்றம், மறைவு, 'துயருறும்' என்ற தலைப்பின் கீழ் நீண்ட பட்டியல் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளும் மருமக்களும் பேரன் பேத்திகளும் இருக்கிறார்கள். இறந்தவரின் தாய் தந்தை யார், அவர் பிறந்த ஊர் எது என்பது மட்டும் இல்லை. பெண்ணாக இருந்தால் இந்தக் குறை இன்னும் பெரிது. 'பெற்றோர், பிறந்த ஊர்' என்று ஒரு வரியைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று தாங்கள் அறிவித்தால், வட ஆர்க்காட்டுக் குடும்பங்களுக்கு ஓராண்டுக்குள் ஒரு பதிவேடு தானாகவே உருவாகிவிடும். விளம்பரம் கொடுக்க வருபவர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்படி தங்கள் வேலூர், ஆரணி, திருப்பத்தூர் முகவர்களிடம் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.